பினாங்கில் ஒரு பகல்

1968 ஜனவரி 23, செவ்வாய், காஞ்சிபுரம்

ஜரிகைக் கடைக்காரர் கொடுத்த டைரி இது. வருஷா வருஷம் என் வீட்டுக்காரரின் பட்டுக் கடை அலமாரியில் கிடந்து கரையான் தின்னும். இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டேன். வாய்விட்டுக் கத்தினால் தெருவுக்கே கேட்கும். எழுதினால் யாருக்கும் கேட்காது.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அடுத்த மாசக் கடைசியில் கப்பலில் சிங்கப்பூர் போகிறோமாம். அங்கே பட்டுக் கண்காட்சி. நம்மூர்க் கடைக்காரர்கள் எட்டுப் பேர், பெண்டாட்டிகளோடு. பெண்டாட்டி எதற்கு என்று கேட்டேன்.

"சேலைய யாரு கட்டிக் காட்டறது? பொம்மைக்குக் கட்டினா சுருக்கம் வுழுதும்மா."

பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியதற்குக் கிடைத்த பட்டம். சுருக்கம் விழாத பொம்மை.

ரசம் ஊற்றும்போது அடுத்ததைச் சொன்னார். வழியில் கப்பல் பினாங்கில் ஒரு பகல் நிற்குமாம். கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். "இன்னா, ரசம் தீந்துடுச்சா?" என்கிறார். என் தங்கை மணியம்மாள் பினாங்கில்தான் இருக்கிறாள் என்பது இவருக்கு மறந்தே போய்விட்டதா, மறந்த மாதிரி இருக்கிறாரா?

ஜனவரி 24

தூக்கமே இல்லை. மணியைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அந்தோணி இங்கே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தான். அவன் அப்பாவும் அம்மாவும் எங்கள் தாத்தா நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பாதிரியார் பள்ளியில் படித்து மேலே வந்த பையன். மணி டைபாய்டில் கிடந்தபோது பழக்கம். ஒருநாள் விடிந்து பார்த்தால் அவள் பாய் சுருட்டி வைத்திருந்தது. சர்ச்சில் கல்யாணம், பிறகு அவன் பெரியப்பா இருந்த பினாங்கு.

அப்பா அன்றைக்கே மகள் செத்துவிட்டதாகச் சொல்லித் தலை முழுகினார். ஈர வேட்டியோடு வந்து இலையில் உட்கார்ந்தார். அம்மா பரிமாறினாள். அப்புறம் அம்மா செத்ததற்குக்கூட மணிக்குச் சொல்லி அனுப்பவில்லை. செத்தவளுக்கு யார் சாவுச் செய்தி அனுப்புவார்கள்?

ஒரு பகல் போதும். ஒரே ஒரு பகல்.

ஜனவரி 30

குமாரசாமி கடை மாடியில் கூட்டம். இந்தப் பயணத்துக்கு அவர்தான் தலைவர். பெரிய கடை, பெரிய குரல். பினாங்கில் இறங்கி எதைப் பார்ப்பது என்று முன்கூட்டியே கப்பல் ஏஜெண்டுக்குச் சொல்ல வேண்டுமாம், வண்டி பேச வேண்டுமாம். மூன்று வழி. மலைமேல் ஏறும் ரயில் ஒன்று. பாம்புக் கோயிலும் படுத்திருக்கும் புத்தரும் ஒன்று. தண்ணீர்மலை முருகன் கோயிலும் அங்கேயே சாப்பாடும் ஒன்று.

எட்டு ஆம்பிளைகள் உட்கார்ந்து பதினாறு பேருக்கும் முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். எல்லாரும் முருகன் கோயிலுக்காம். இவர் பேரே தணிகாசலம், கேட்கவா வேண்டும்? என் பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

"என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கோயிலுக்குப் போறதுக்கு இன்னா கேக்கறது?"

ஜனவரி 31

கேட்டுவிட்டேன். நீங்கள் கோயிலுக்குப் போங்கள், நான் மணியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று.

"யாரு மணி?" என்றார். இரண்டாவது தடவை கேட்டபோது, "அந்தப் பேர எடுத்தா நீ கப்பலே ஏற வாணாம். எட்டுப் பேரு கூட வர்றாங்கோ. என் மானம் கப்பலேறணுமா?" என்றார்.

மானமாம்! இவருடைய மச்சினி ஒருத்தனைக் கட்டிக்கொண்டு ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறாள். இதில் இவர் மானம் எங்கே வந்தது? குமாரசாமியின் தம்பி இரண்டு குடும்பம் வைத்திருக்கிறான், அவனோடு பந்தியில் உட்கார்ந்து ஜாங்கிரி தின்கிறார்கள். அதில் போகாத மானம் என் தங்கச்சியால போயிடுமா? வாயில வருது, எழுத வாணாம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மேரி வந்தாள், அந்தோணியின் தங்கை. இங்கே ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். நான்தான் பூக்காரியிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். கொல்லைப்புறமாக வந்து கிணற்றடியில் நின்றாள்.

"அக்கா, நான் இன்னிக்கே அண்ணனுக்கு எழுதிடறேன். கப்பலு வர்ற அன்னிக்கு அண்ணி துறைமுகத்துலயே வந்து நிக்கும். நீங்க எறங்கினா மட்டும் போதும்."

இறங்கினால் மட்டும் போதும். அதுதானே வழியில்லை.

காப்பி கொடுத்தேன். கிணற்று மாடத்தில் அவர்களுக்கென்று வைத்திருக்கிற கண்ணாடி டம்ளரில். குடித்துவிட்டு அவளே கழுவி, அவளே மாடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் இவர் வந்தார். "அவ இன்னா உன்ன அக்கான்றா?" வேறு எப்படிக் கூப்பிடுவாள்? என் தங்கையின் நாத்தனார். புளியைக் கரைத்தேன். இன்றைக்குக் குழம்பில் புளிப்பு தூக்கல்.

பிப்ரவரி 9, வெள்ளி

காமாட்சி கோயிலில் செல்லியம்மாளைப் பார்த்தேன், குமாரசாமியின் மனைவி. கப்பலில் நானும் அவளும் ஒரே அறையாம், புருஷன்மார்கள் வேறு அறையாம். அவளுக்கு அந்த மலை ரயிலில் ஏற ஆசை. ரயில் மலைமேல் செங்குத்தாகப் போகுமாமே என்று கண்ணை விரித்துச் சொல்கிறாள்.

"அப்ப உங்க வூட்டுக்காரருகிட்ட சொல்றதுதானே?"

"ஐயய்யோ. அவரு இஷ்டம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஆமாம் சாமி போடுகிற பெண்டாட்டிகள் இருப்பதால்தான் இவர்கள் மாடியில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பிரகாரத்தைச் சுற்றாமலே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 25

மூட்டை கட்டியாகிவிட்டது. காட்டுவதற்கான சேலைகளை இவரே அடுக்கினார், என் கை பட்டால் மடிப்பு கலையுமாம். என் பெட்டி அடியில் கொத்தவரங்காய் வற்றல் ஒரு பொட்டலம். மணிக்குப் பிடிக்கும். கொடுக்க முடியாவிட்டால் கடலில் போடுவேன்.

பிப்ரவரி 29, கப்பல்

வாந்தி. தண்ணீர், தண்ணீர், தண்ணீர். இவரும் வாந்தி எடுக்கிறார் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மார்ச் 2

நாளைக் காலை பினாங்கு. இன்னொரு தடவை கேட்டேன், கெஞ்சித்தான் கேட்டேன். "வர்ற எடத்துல ஆரம்பிக்காத" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். இப்போது கெஞ்சினேனே என்று என்மேலேயே ஆத்திரமாக இருக்கிறது.

சாயங்காலம் ஒன்று நடந்தது. எங்களோடு வந்த ஐயம்பேட்டைக்காரர் மனைவி கங்கையம்மாளுக்கு விலக்கு. உடனே குமாரசாமி கோயில் கூட்டத்திலிருந்து அவள் பேரை எடுத்துவிட்டார். "தீட்டோட மலையேறக் கூடாது. அவங்க கப்பல்லயே இருக்கட்டும், இல்ல வேற எதுனா பாத்துட்டு வரட்டும், நமக்கு ஆவாது" என்று தீர்ப்பு. கங்கையம்மாள் அழுகிறாள். அவ்வளவு தூரம் வந்து முருகனைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையாம்.

எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. இந்த ஜென்மத்தில் விலக்கின்மேல் பொறாமைப்பட்டது இன்றைக்குத்தான்.

முருகா, நீயே மன்னிச்சுக்கோ. எனக்கு வேற வழி வெக்கல இவங்க.

மார்ச் 3, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் அறை வாசலில் வந்து நின்று "கெளம்பு" என்றார்.

"கிட்ட வராதீங்க" என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டடி பின்னால் போனார். அப்புறம் மனசுக்குள் கணக்குப் போட்டார். மாசா மாசம் மூன்று நாள் பின்கட்டில் உட்கார்த்தி வைக்கிற வீட்டில் புருஷனுக்குத் தெரியாத கணக்கா?

"இப்பதானே ஆச்சு? கெளம்பறதுக்கு முன்ன?"

பெட்டியில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்தேன். பின்னாலிருந்து செல்லியம்மாள் குரல். "கப்பலு ஆடற ஆட்டத்துல முன்ன பின்ன ஆவும் அண்ணே. எனக்கும் இன்னிக்கு அப்படித்தான்."

திரும்பிப் பார்த்தேன். அவள் எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் சாமி என்று நினைத்தேனே, அந்தச் செல்லியம்மாள்!

வெளியே குமாரசாமி, "ரெண்டு பேருக்குமா? எப்பிடிய்யா?" என்று கத்தினார். அதற்குமேல் கேட்க ஆம்பிளைகளுக்குக் கூச்சம். கீழே வண்டி காத்திருந்தது. கரையில் இறங்கும் சீட்டுகள் அவர்களிடம் இருந்தன. செல்லியம்மாள், நாங்கள் இரண்டு பேரும் ரயிலையாவது பார்த்துவிட்டு வருகிறோம் என்றாள். இவர் என் சீட்டைக் கையில் தர முடியாமல் தரையில் வைத்துவிட்டு, "நேரா ரயிலு, நேரா கப்பலு. வேற எங்கியும் போவக் கூடாது" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

படியில் இறங்கும்போது செல்லியம்மாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு உன் வூட்டு விசயம் ஒண்ணும் வாணாம்மா. ரயிலு எங்க இருக்குதுன்னு மட்டும் காட்டச் சொல்லு."

துறைமுகத்தில் மணி நின்றிருந்தாள். பூப்போட்ட வாயில் சேலை, முன்நெற்றியில் நரை. பக்கத்தில் அந்தோணியும் இரண்டு பெண் குழந்தைகளும், சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த புது உடுப்பில். நான் கட்டிப் பிடித்து அழுதேன். அவள் அழவில்லை. "இளைச்சுட்டே அக்கா" என்றாள். அந்தோணி செல்லியம்மாளை ரயிலுக்குக் கூட்டிப் போனான்.

வீட்டில் சாப்பிட்டோம். வற்றலை உடனே வறுத்தாள். சாப்பாட்டு நடுவே நான் எப்படித் தப்பித்து வந்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். இவர் இரண்டடி பின்னால் குதித்ததை நடித்துக்கூடக் காட்டினேன். குழந்தைகள் சிரித்தன. மணி சிரிக்கவில்லை.

"என்னப் பாக்க வர்றதுக்குத் தீட்டுன்னு சொல்லிக்கினு வந்தியா?"

"வேற வழியில்லடி."

"பன்னெண்டு வருசமா அங்க எனக்கு அதானே பேரு. நீ மூணு நாள் கழிச்சுத் தலைக்கு ஊத்திக்கினா சுத்தமாயிடுவே. நான்?"

வாதாடப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளவும் பார்த்தேன். எவ்வளவு பாடுபட்டு வந்திருக்கிறேன், இவள் இப்படிப் பேசுகிறாளே என்று. அவள் மோர் ஊற்றினாள். அம்மா செத்ததை மேரி எழுதித்தான் தெரிந்துகொண்டாளாம்; அம்மா கடைசியில் தன்னைப் பற்றிக் கேட்டாளா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கேட்டாள் என்றேன். நிஜமாகவே கேட்டாள்.

துறைமுகத்தில் விட வந்தாள். கடைசியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள், வலிக்கிற மாதிரி.

சாயங்காலம் கோயில் கூட்டம் திரும்பியது. கப்பலில் எல்லாரும் இருக்க, இவர் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொருத்தருக்கும் கொடுத்தார். என்னைத் தாண்டிப் போனார். நான் கையை நீட்டினேன்.

"ஏய், இன்னா பண்றே? தள்ளு!"

"விலக்கில்ல. காலைல சொன்னது பொய்யி. என் தங்கச்சி மணி வூட்டுல சாப்ட்டுட்டு வரேன். குடுங்க."

அவர் கொடுக்கவில்லை, பொட்டலத்திலிருந்து நானே எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். குமாரசாமி இருமினார். அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு கை நீண்டது. வளையல் நிறைந்த கை. செல்லியம்மாள்.

மார்ச் 9, சிங்கப்பூர்

பேச்சு கிடையாது. இன்றைக்குக் கண்காட்சி. கட்டிக் காட்ட மாட்டேன் என்று செல்லியம்மாள் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். பொம்மைக்குக் கட்டினார்கள். சுருக்கம் விழுந்தது.

மார்ச் 28, காஞ்சிபுரம்

வீட்டுக்கு வந்தும் பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து "உப்பு" என்கிறார். சுவர் எழுந்து போய் எடுத்து வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மணி கேட்டது காதிலேயே இருக்கிறது. நான்? நான்? அவள் கேட்ட அன்றைக்கு அவள்மேல் வந்த கோபம் எப்போது இடம் மாறியது என்று தெரியவில்லை. மத்தியானம் கிணற்று மாடத்திலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துத் துவைக்கிற கல்மேல் போட்டு உடைத்தேன். "இன்னா சத்தம்?" என்று சுவரைக் கேட்டார்.

ஏப்ரல் 19, வெள்ளி

மேரி வந்தாள். கொல்லைப் பக்கம் போகப் பார்த்தவளை வாசல் வழியாக வா என்று கூப்பிட்டேன். கூடத்தில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேரி பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். எவர்சில்வர் டம்ளர் இரண்டில் காப்பி கொண்டுவந்து, ஒன்றை அவள் கையில் கொடுத்தேன், ஒன்றை இவர் பக்கத்தில் வைத்தேன். ஒரே தட்டிலிருந்து.

"அண்ணி டிசம்பர்ல வர்றாங்களாம் அக்கா, பசங்களோட. கிறிஸ்துமஸுக்கு."

பேப்பர் அசையவில்லை. மேரி குடித்துவிட்டுப் போனாள். அவர் காப்பி ஆறிக்கொண்டே இருந்தது. ஆறட்டும், கீழே கொட்டட்டும், கேட்கிறதைக் கேட்டுவிடலாம் என்று நான் வாசற்படியிலேயே நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து எடுத்துக் குடித்தார். பேப்பரை மடிக்காமலே, "டிசம்பர்ல மெட்ராஸ்ல மழையா இருக்கும். கொழந்தைங்கள வெச்சிக்கினு பஸ்ஸுல வர முடியாது. வாடகைக் காரு சொல்லிடணும்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. பேப்பரிடம் சொன்னார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு வாடகைக் கார். எனக்கு ஆறவில்லை. இன்னும் நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது, கேட்பேன்.

டம்ளர் இரண்டையும் கழுவிக் கவிழ்த்தேன். ஈரம் காய்ந்ததும் எடுத்து அடுக்கும்போது பார்க்கிறேன், எது மேரி குடித்தது, எது இவர் குடித்தது என்று எனக்கே தெரியவில்லை.