வகுப்புக்கு வர வேண்டாமாம்

1961 ஜூலை 8, சனி. வட்டகொடை.

சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்த நான் கடையில் நின்றேன். மாலையில் மாணிக்கத்தின் அம்மா எங்கள் கடைக்குச் சீனி வாங்க வந்தார். கொழுந்து பறித்த கையோடு வந்திருந்தார். அழுத முகம்.

"தம்பி, ஒங்களோட கேம்பஸ்ல படிக்கிற எம்புள்ளைய கணக்கு வகுப்புக்கு வர வேணாம்னுட்டாங்களாம். கடுதாசி போட்டிருக்கான். என்னா தப்பு செஞ்சான்?"

தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஒருவரை வேலைக்கு வேண்டாம் என்றால் அது தண்டனை. அவருக்குத் தெரிந்தது அதுதான்.

நுண்கணிதத்தில் ஒரு சோதனை வைத்தார்கள், மாணிக்கமும் நானும் எழுதினோம். தேறியவர்கள் அந்த வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. அவன் தேறிவிட்டான், நான் தேறவில்லை. இத்தனைக்கும் இருவரும் படித்தது ஒரே புத்தகம், அதுவும் என்னுடையது. வயிறு எரிகிறது.

கொஞ்சம் அழட்டுமே என்று சீனியைத் தாளில் மெதுவாகச் சுற்றினேன். நூலையும் இரண்டு சுற்று கூடுதலாகக் கட்டினேன். அதற்குமேல் தாங்கவில்லை.

"தண்டனை இல்லீங்க. அந்தப் பாடம் அவனுக்கு முன்னமே நல்லாத் தெரியும். அதனாலதான் வேணாம்னாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசையோடு கேட்டார்:

"அப்ப ஒங்களையும் வேணாம்னுட்டாங்களா தம்பி?"

திங்கட்கிழமை காலை எனக்கு நுண்கணித வகுப்பு.