பின் பால்கனி மெத்தை

6 பிப்ரவரி 1979

இன்றும் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா மாடிக்கு வந்து மெத்தையைப் பார்த்தான். துண்டால் மூக்கை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். கால் உடைந்த நாற்காலி, ஓட்டை வாளி, அறுந்த செருப்பு எல்லாவற்றையும் தராசில் வைப்பவன். எங்கள் மெத்தை மட்டும் வேண்டாமாம். டி.பி. மெத்தை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா ஒன்றரை வருஷம் அதில் படுத்திருந்தாள். ஊசி, மாத்திரை எல்லாம் முடிந்து, சளியில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. மெத்தையை நாலு நாள் நல்ல வெயிலில் போட்டால் போதும் என்றார். போட்டோம். அம்மா நம்பவில்லை. "அது இந்த வீட்ட விட்டுப் போவட்டும். அப்பறம் ஒன்னத் தொடுறேன்," என்கிறாள். அதுவரை அவளுக்கு உள்ளறை, எனக்கு வெளியறை. சோற்றை நிலைப்படியில் வைத்துவிட்டு நான் நகர்ந்துகொள்ள வேண்டும்.

அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். பிழைத்துவிட்டாள். ஆனால் பக்கத்தில் வர மாட்டேன் என்கிறாள்.

9 பிப்ரவரி

அப்பா மெத்தையைக் கீழே கொண்டுபோய் எரிக்கப் பார்த்தார். கீழ்வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி ஓடி வந்தாள். "கலியமூர்த்தி சார், என்ன கூத்து இது? புகை நேரா எங்காத்து சமையல் உள்ளுக்குன்னா வரும்?" அப்பா தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெத்தையைத் திரும்ப மாடிக்குத் தூக்கி வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

பிறகு, குப்பை எடுக்க வரும் ராம்கலியைக் கேட்கச் சொன்னார். யாரிடம் பேசினாலும் நான் அவர்கள் செருப்பைத்தான் பார்ப்பேன். ராம்கலிக்குச் செருப்பு இல்லை. கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "பேட்டீ, இத நான் தலையில வச்சுத்தான் தூக்கணும். என் வீட்டுலயும் மூணு குழந்தைங்க இருக்கு," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அன்பாகச் சொன்னாள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் மேலே போனேன்.

15 பிப்ரவரி

அப்பா டிராஃப்ட்ஸ்மேன். ஆபீசில் புது வேலை கொடுத்திருக்கிறார்களாம். வீடுகளில் கழித்துப் போடும் பெரிய சாமான்களை, கட்டில், சோபா, மெத்தை, கை படாமல் ஏற்றிப் போக ஒரு வண்டி வரைய வேண்டும். காகிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். 'கை படாமல்' என்பதன் கீழ் இரண்டு கோடு. அவர் மனதில் எந்த வீட்டு மெத்தை இருக்கிறது என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது.

காலண்டர் அட்டையை வெட்டி நான் மாதிரி செய்து கொடுத்தேன். தள்ளுவண்டி, அதன் மேல் தகரப் பெட்டி. பின்னால் ஒரு பலகை, கீல் வைத்தது, தரையில் படுத்துக்கொள்ளும். நீளக் கொக்கியால் சாமானைப் பலகைமேல் இழுத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் பலகை எழும், சாமான் பெட்டிக்குள் சரியும். கைக்குட்டையை மடித்து வைத்துப் பார்த்தோம். ஏறியது. அப்பா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"என்னா சத்தம் அங்க?" என்று உள்ளிருந்து அம்மா.

"ஒனக்குத்தான் வடிவு, வண்டி கட்டுறோம்."

சொன்ன பிறகுதான் அது அவளையே ஏற்றி அனுப்புகிற மாதிரி கேட்கும் என்று அவருக்கு உறைத்தது. பாவம், பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். உள்ளே அம்மா சிரித்த மாதிரி இருந்தது. இருமலோ?

23 பிப்ரவரி

காலனிக் குப்பையெல்லாம் கொட்டும் செங்கல் கொட்டகைப் பக்கம் போனேன். இரண்டு பெண்கள் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பழைய ரஜாயைக் கிழித்துப் பஞ்சைச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ராம்கலி சொன்னாள்: "பஞ்சடிக்கிற ரூயீவாலாவுக்குப் போகும். அவன் அடிச்சுப் புது ரஜாய்க்குள்ள போட்டுடுவான்."

எங்கள் மெத்தை இங்கே வந்தால்? அந்தப் பஞ்சுமேல் யார் வீட்டுக் குழந்தை படுக்கும்? வெயில் போதும் என்று டாக்டர் சொன்னதை நானும் முழுக்க நம்பவில்லை போலிருக்கிறது. அம்மாவைக் குறை சொல்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்தார். "ஏத்துறதப் பத்தியே நெனச்சுக்கிட்டு இருந்திட்டேன், கோதை. எறக்குறதப் பத்தி நெனைக்கல." பெட்டிக்கு மூடியும் பூட்டும் வரைந்தார். ஊருக்கு வெளியே எரிக்கும் குழியில்தான் திறக்க வேண்டும்.

10 மார்ச்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

வண்டி தயாராகிவிட்டது. முதல் சோதனையை எங்கள் பிளாக்கிலேயே வைத்துக்கொள்ளும்படி அப்பாதான் கேட்டிருந்தார். ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். எல்லா பால்கனியிலும் ஆட்கள். நானும் அப்பாவும் மெத்தையைக் கீழே இறக்கிவைத்தோம். அப்பா கொக்கியை மாட்டி இழுத்தார், வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். உறை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கிழிந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று.

பஞ்சு பறந்தது. கொடியில் காய்ந்த சட்டைகள்மேல், மாமியின் வடாம்மேல், ஜீப்மேல். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஓர் அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அப்பா கொக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

மேலே அம்மா ஜன்னலில் இருந்தாள். "எல்லார் வீட்டுக்குள்ளயும் நான் போயிட்டேன்," என்றாள். சத்தமாகக்கூட இல்லை. ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

எனக்கு என்ன வந்ததோ. ஓடி ஓடிப் பொறுக்கினேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரியும், பார்க்கட்டும். பிடிக்கப் போனால் இன்னும் பறந்தது. ராம்கலி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "துரத்தினா பறக்கத்தான் செய்யும். முதல்ல தண்ணி." என் துப்பட்டாவை இழுத்து என் மூக்கோடு கட்டிவிட்டுத் தன் முந்தானையால் தன் மூக்கையும் கட்டிக்கொண்டாள். தொட மாட்டேன் என்றாயே என்று கேட்டேன். "தலையில சுமக்கிறது வேற. கீழ கிடந்தா பெருக்கிறது என் வேலை. தண்ணி ஊத்து, ஜல்தி."

மேலிருந்து ஒரு வேஷ்டி வந்து விழுந்தது. கீழ்வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி எங்கள் பால்கனியிலிருந்தா போட்டாள்? ஆமாம், கையில் இருந்த வேஷ்டியோடு அம்மாவைப் பார்க்க மாடிக்கு ஓடியிருக்கிறாள். "மாமாவோட பழசு. மூட்டையாக் கட்டிடு. திருப்பித் தர வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "வடாம் மேலயும் ரெண்டு ஒட்டிண்டிருக்குடி."

கிழிந்த மெத்தையும் ஈரப் பஞ்சு மூட்டையும் மறுபடி பின் பால்கனியில்.

மாமியை அம்மா உள்ளறைக்குள் விடவில்லையாம்.

11 மார்ச்

அம்மா சாப்பிடவில்லை.

12 மார்ச்

அப்பா ஆபீசுக்குப் போகவில்லை.

16 மார்ச்

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அதிகாரி சொல்லியனுப்பியிருக்கிறார். அப்பா கொக்கியை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான், "கொக்கி மெத்தையத் தொடவே வேண்டாம்ப்பா. பையில போட்டுப் பையத் தொடட்டும்," என்றேன். அவ்வளவு நீளமாக நான் பேசி நாளாகிறது.

கித்தான் துணியில் பெரிய பை, வாய் கட்ட நாடா, இழுக்கப் பட்டைகள், பட்டை முனையில் கொக்கிக்கு இரும்பு வளையம். அம்மாவின் தையல் மிஷினில் தைத்தேன். ஊசி இரண்டு முறை உடைந்தது. மூன்றாவது ஊசியைக் கோக்கும்போது உள்ளறையிலிருந்து குரல்:

"பட்டைக்கு ரெட்டத் தையல் போடு. ஒத்தத் தையல் தாங்காது."

ஆறு நாளாக அவள் பேசவே இல்லை. ரெட்டைத் தையலுக்குமேல் இன்னொன்றும் போட்டேன்.

27 மார்ச்

மெத்தை போய்விட்டது. பை கிழியவில்லை. பலகை எழுந்தது, பை பெட்டிக்குள் சரிந்தது, மூட்டையும் சரிந்தது. மூடினார்கள், பூட்டினார்கள். ராம்கலி கைப்பிடியைத் தானே சுற்றிப் பார்த்துவிட்டு, "அச்சா ஹை," என்றாள். அப்பாவுக்கு அது போதும். வண்டி திருப்பத்தில் மறையும்வரை அம்மா ஜன்னலில் நின்றாள்.

28 மார்ச்

"போயிடுச்சுல்ல?" என்றாள்.

"போயிடுச்சும்மா."

அவ்வளவுதான். சோற்றை நிலைப்படியில்தான் வைத்தேன்.

30 மார்ச்

மெத்தை போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான்தான் நினைத்தேன். அவள் கையே அவளுக்குப் பயமாக இருந்தால் அதை எந்த வண்டி கொண்டுபோகும்?

3 ஏப்ரல்

காலையில் அப்பா சவரம் செய்துகொண்டே, இதே மாதிரி இன்னும் சில வண்டிகள் செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றேன். பால் பொங்கி ஸ்டவ் முழுக்க வழிந்தது.

உள்ளறையிலிருந்து அம்மா விடுவிடுவென்று வந்தாள். திரியை இறக்கினாள். என் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். "பால அடுப்புல வச்சிட்டு என்னடி பராக்கு?"

நல்ல வலி.

அப்புறம்தான் அவள் தன் கையைப் பார்த்தாள். நான் அசையவில்லை. தலையைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை, தடவினால் போய்விடுவாளோ என்று. அப்பா முகத்தில் சோப்போடு கதவருகே நின்றார்.

"நிக்கிறியே, ஈரத் துணி எடு," என்றாள்.

எடுத்தேன். அவள் ஒரு பக்கம் துடைத்தாள், நான் ஒரு பக்கம். எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில் இரண்டு பேர் நிற்க இடம் போதாது. துடைத்து முடிக்கும்வரை முழங்கை இடித்துக்கொண்டே இருந்தது.