சுருக்காமல் விட்டிருக்க வேண்டிய பின்னங்கள்

நேற்று நண்பகல் பழைய கத்திரிக்கோலைத் தேடி இரும்புப் பெட்டியைத் திறந்தேன். நீ தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை எழுந்தது. ஆறாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த பெட்டி. மேலாக நம் அளவுக் குறிப்பேடு இருந்தது. பிரித்ததும் உன் பக்கமே வந்தது.

தொண்ணூற்றிரண்டில் அன்னூர்க் கடைவீதியில் ஓர் அறையெடுத்து, இரண்டு தையல் இயந்திரங்களுடன் தோழியர் நாம் இருவரும் அமர்ந்தோம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், எவர் துணையுமின்றிப் பின்னங்களைக் கற்றவள். அந்தப் பெருமிதம் இன்றும் குறையவில்லை. நீயோ தையற்காரர் வழக்கப்படி ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்து, "பத்து இஞ்சு நாலு நூலு" என்பாய். நான் தொகுதியையும் பகுதியையும் நான்கால் வகுத்து, 10½ என்று எழுதுவேன்.

"ஏனம்மணி, உன்ற பின்னத்தைக் கத்திரிக்கோலு படிக்குமாக்கும்? நூல்லயே எழுதிப்போடு. ஏறுதா எறங்குதான்னு கண்ணுக்குத் தெரியும்."

"சுருக்கத் தெரிந்தும் சுருக்காமல் விடுவது அரைகுறைக் கல்வி."

"பேச்சப் பாரு, ரேடியோப் பொட்டியாட்டம்!"

நான் அளவெடுத்துப் பழகுவதற்காக மாதந்தோறும் உன் வலக்கையை நீட்டுவாய். கைச்சுற்று என நான் எழுதியவை நான்கு வரிகள்: 10⅝, 10½, 10⅜, 10¼. தொகுதிகள் ஐந்து, ஒன்று, மூன்று, ஒன்று எனத் தாவின. பகுதிகளும் வரிக்கு வரி மாறின. சுருக்கியதால் மதிப்பு மாறவில்லை, இறங்குவரிசை மட்டும் என் கண்ணிலிருந்து மறைந்தது. ஜாக்கெட்டின் கை தொளதொளத்தபோது நீயே பிடித்துத் தைத்துக்கொண்டாய். "வெயிலுக்குச் சோறு எறங்கல அம்மணி" என்றாய். நம்பினேன். பிறகு நீ கடைக்கு வரவில்லை. நோய் முற்றிவிட்டதென்று உன் தங்கை வந்து சொன்ன இரண்டாம் வாரம் நீ மறைந்தாய்.

நேற்றுதான் கண்டேன். என் ஒவ்வொரு பின்னத்தின் அருகிலும் பென்சிலில் உன் கையெழுத்து: 5, 4, 3, 2. நீ அறிந்தே இருந்திருக்கிறாய்.

கீழே, என் எழுத்தே இல்லாத ஐந்தாம் வரியில், 1.

ஐந்தாம் அளவை எடுத்திருக்க வேண்டிய மாதம் நீ படுக்கையில் இருந்தாய். நீ வராமற்போன மறுநாளே ஏட்டைப் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள் நான். விளக்கம் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த எண்ணைத் தொட்டேன். சற்றுமுன் எழுதியது போல் விரலில் கரி ஒட்டியது.

அவ்வேளையில் வாடிக்கைக்காரி ஒருத்தி வாசலில் நின்றாள்.

"ஏனுங்கக்கா, இந்த ஜாக்கெட்டும் கை லூசாப் போச்சுங்க. கொஞ்சம் புடிச்சுக் குடுங்க."

இப்போதைய ஏட்டில் அவளுடைய பக்கத்தைத் திருப்பினேன். 11¾, 11⅝, 11½. எட்டின்கீழ் மாற்றி எழுதினேன்: ஆறு, ஐந்து, நான்கு. நாடாவை எடுத்து அவள் கையைச் சுற்றினேன். மூன்று.

"ஏனுங்க, மூஞ்சி வெளுத்துப் போச்சு உங்களுக்கு?" என்று சிரித்தாள்.

நான் ஊசியைத் தொடவில்லை. இன்று விடியற்காலை, முதல் பேருந்திலேயே அவளைக் கோயம்புத்தூருக்கு அழைத்து வந்துவிட்டேன். "லூசு ஜாக்கெட்டுக்கு யாராச்சும் ஆஸ்பத்திரிக்கு வருவாங்களாங்கக்கா?" என்று வழியெல்லாம் கேலி செய்தாள். இப்போது மருத்துவமனை வரிசையில் என் தோளில் சாய்ந்திருக்கிறாள். மருத்துவரிடம் காட்ட, நான்கு அளவுகளையும் எட்டின்கீழ், சுருக்காமல், ஒரு தாளில் எழுதி மடியில் வைத்திருக்கிறேன்.

அவள் பெயரை அழைக்கிறார்கள்.