எட்டு முழப் பலகை

ஆனி 9, திங்கள்.

இன்று காலை ஆயில் என்ஜினை டிரெய்லரில் ஏற்றும்போது அது சாய்வுப் பலகையில் பின்னால் வழுக்கி வந்து, என் கடையில் பாரம் தூக்கும் முனுசாமியின் வலது காலில் விழுந்தது. பாதம் நசுங்கிவிட்டது.

பலகை குட்டை. எட்டு முழம் வேண்டும் என்று என் கையால் அளந்து ஆசாரிக்குச் சொல்லியனுப்பினேன். அவர் தன் கையால் எட்டு முழம் அளந்து அறுத்திருக்கிறார். ஆள் என் தோள் உயரம்தான். அளக்கிற டேப் என் கடையிலேயே தொங்குகிறது.

பலகையைச் சாய்த்ததுமே முனுசாமி சொன்னான். "இன்னா மொதலாளி, இப்டி செங்குத்தா நிக்குது? என்ஜினை ஏத்தறதா, மலை மேல தீபம் ஏத்தறதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். "கீழ்பென்னாத்தூர்ல ஆளு காத்துனு இருக்கான், ஏத்துடா" என்றவன் நான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, நடப்பான், ஆனால் இனிமேல் பாரம் தூக்க முடியாது என்றார். வெளியே அவன் மனைவி செல்லம்மா நின்றிருந்தாள். பணத்தை நீட்டினேன்.

"பணம் வேணாங்க. அவரு எழுந்து வர்ற வரைக்கும் அந்த எடத்துல வேற ஆளப் போட்டுடாதீங்க. அது போதும்."

எவ்வளவு பெரிய ஆளிடமும் பேரம் பேசியிருக்கிறேன். இவளிடம் டாக்டர் சொன்னதைச் சொல்ல வாய் வரவில்லை. சரிம்மா என்றேன். பேசி முடித்தது இதுதான்: என்ஜின் தூக்குகிற வேலை முனுசாமிக்கே. அவன் வரும்வரை வேறு ஆள் கிடையாது.