அப்பாவின் பகல் ஷிப்டு

3 நவம்பர், திங்கள்
மதியத்திலிருந்து மழை. கடையில் ஆள் இல்லை. பாஸ் புதுச் சரக்கைப் பிரித்து மேசையில் பரப்பினார். விலை குறைந்த காது மெஷின், தவணையிலும் கிடைக்கும். தமிழ் விளம்பரத் தாள் என் வேலை. வெள்ளிக்குள்.

அவருக்கு வேண்டியது சிரிக்கும் தாத்தா படம். எனக்கு வேண்டியது பொய் இல்லாத நாலு வரி.

பாஸ் தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்த சீனர். நம் ஆள் மாதிரியே தமிழ் பேசுவார். "கலா, நீயே மெஷின் போட்டவ. ஒனக்குத் தெரியாததா லா?"

தெரியும். சின்ன வயசில் காய்ச்சல் வந்து காது போனதிலிருந்து தெரியும். அதனால்தானோ என்னவோ, ஒரு வரிகூட வரவில்லை.

வாங்க: பேட்டரி. அம்மாவுக்குத் தைலம்.

4 நவம்பர், செவ்வாய்
அப்பாவைப் பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். அடுக்குமாடிக் கொண்டோ வாசலில் ஜாகா, காவலாளி வேலை. அதற்குள் புகார்: ஹார்ன் அடித்தும் தடுப்புக் கம்பியைத் தூக்கவில்லையாம். இப்படியே போனால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

ஆயர் தாவார் பக்கம் தோட்டத்து ரப்பர் ஆலையில் வருடக்கணக்காக மெஷின் இரைச்சலில் நின்ற காது. தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனை மரத்துக்கு மாறியதும் ஈப்போ வந்தோம். காது திரும்பவில்லை.

அம்மா: "இத்தன வருசமா நைட்டுதான் வேணும்னு கேட்டு வாங்குனாரு. அலவன்ஸுக்குன்னுல்ல நெனச்சேன்."

அப்பா ரொட்டியைக் கறியில் தொட்டுக்கொண்டிருந்தார். கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி. எங்கள் வீட்டில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

6 நவம்பர், வியாழன்
அப்பா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார். மத்தியானம் நான் கொண்டுபோனேன். காவல் பொண்டோக் குடிலுக்குள் நிழல் இருக்கிறது, காற்றாடி இருக்கிறது. அப்பா வெளியே, கொதிக்கிற வெயிலில், ரோட்டைப் பார்த்தபடி.

உள்ளேயிருந்து ஒரு கார் வெளியே போக வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஹார்ன். மறுபடியும் ஹார்ன். அசையவில்லை. நான் கை காட்டினேன். ஓடிப்போய்க் கம்பியைத் தூக்கி, ஒரு சலாமும் வைத்தார்.

அப்போதுதான் புரிந்தது. ராத்திரியில் கார் எந்தப் பக்கம் வந்தாலும் விளக்கு வெளிச்சம் பொண்டோக் சுவரில் ஏறும். காதே வேண்டாம்.

"அதுக்குத்தான் நைட்டா ப்பா?" முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"பகல்ல லைட்டு போட மாட்டானுங்களே பாப்பா."

அவ்வளவுதான். சோற்றைப் பிரித்தார்.

பஸ்ஸில் வரும்போது வருத்தமில்லை. ஒருமாதிரி பெருமை. நான் மட்டும்தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன்.

7 நவம்பர், வெள்ளி
எழுதிவிட்டேன். ஒரே மூச்சில்.

"ராத்திரி வேலையை நீங்களே கேட்டு வாங்குகிறீர்களா? கார் விளக்கைப் பார்த்துத்தான் கம்பியைத் தூக்குகிறீர்களா? இந்தத் தாள் உங்களுக்குத்தான்."

பாஸ் மேசையைத் தட்டினார். "இதான் லா! உயிரு இருக்கு!"

8 நவம்பர், சனி
தாளைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவைத்தது என் புத்தி. அப்பா கண்ணாடி போட்டு, விரல் வைத்துப் படித்தார்.

"இது என் சமாச்சாரம்லா."

"பேரு போடல ப்பா."

"பேரு எதுக்கு? இந்த ஊரு ஜாகா பாதிப் பேரு நமக்குத் தெரிஞ்சவன். ஒருத்தன் படிச்சாப் போதும்."

 பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். நீங்களும் ஒரு மெஷின் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

"போட்டேன்ல, பேஸ்புக்ல பாத்து வாங்கி? விசிலடிச்சுச்சு. ரெஃப்ரி வந்துட்டாருடான்னு சிரிச்சானுங்க. வெளம்பரம்லாம் வெறும் வாயி."

"இது காத அளந்து பாத்து வெக்கிறது ப்பா. நான் போட்டிருக்கேனே."

"நீ முடிய விட்டு மறைச்சுக்கிற. எனக்கு எங்க முடி?" மண்டையைத் தடவிக் காட்டினார்.

அம்மா சிரித்தாள். நானும். அறைக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது, அவர் சொன்னது மட்டும் போகவில்லை.

நாவல் பாதியில் கிடக்கிறது. புத்தகம் படிக்கக் காது வேண்டாம். எப்போது பார்த்தாலும் படிக்கிறாள், நல்ல பிள்ளை என்பார்கள். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

10 நவம்பர், திங்கள்
அந்த வரிகளை எடுத்துவிடச் சொன்னேன். நல்லவேளை, இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

"கலா, அதுலதான் லா உயிரு!"

"அது என்னோடது இல்ல பாஸ்."

"அப்ப ஒன்னோடதப் போடு."

காலை முழுக்கக் கண்ணாடி மேசையைத் துடைத்தேன். பிறகு எழுதினேன்.

"எல்லார் வாயும் தெரிகிற மாதிரி சுவரோரம் உட்காருவேன். எல்லாரும் சிரித்தால் சிரிப்பேன், எதற்கென்று தெரியாது. கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவப் போய்விடுவேன், அங்கே யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. இத்தனையையும் விட மெஷின் போட்டுக்கொள்வது லேசு. ஆனால் போட்ட அன்றே எல்லாம் சரியாகாது. பழக வேண்டும்."

கடைசி வரி பாஸுக்குப் பிடிக்கவில்லை. "பழகணும்னு போட்டா எவன் வருவான்?"

"விசிலடிச்ச மெஷின வாங்கி ஏமாந்தவங்க வருவாங்க."

தாத்தா படமும் வேண்டாம் என்றேன். முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுப் பக்கவாட்டில் நின்றேன். கம்மல், காது, மெஷின். பாஸ் போனில் எடுத்தார். கழுத்தில் காற்றுப்பட்டது. கூச்சம்.

13 நவம்பர், வியாழன்
கடைக் கண்ணாடியில் பெரிதாக நான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வரும்போது ரோட்டின் அந்தப் பக்கமாகவே நடந்து வந்தேன்.

பக்கத்துப் பூக்கடை அக்கா படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தே விட்டார். "அடிப் பாவி! கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமப் போவியே, திமிரு புடிச்சவன்னுல்ல வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்!" கையில் ஒரு முழம் மல்லிகை வைத்தார். காசு வாங்கவில்லை.

சாயங்காலம் ஒரு அம்மா. "எனக்கில்ல லா, வீட்டுக்காரருக்கு விசாரிக்கிறேன்." பாஸ் சும்மா உட்கார வைத்துப் பார்த்தார். காது கேட்காதது அந்த அம்மாவுக்குத்தான்.

வீட்டில் நல்ல சேதி இல்லை. அப்பா மேல் இன்னொரு புகார். திங்களன்று சூப்பர்வைசர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வாராம். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.  நான் சொல்ல வேண்டியது கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.

15 நவம்பர், சனி
வெயில். அப்பாவுக்கு லீவு. கடைக்கு வெளியே ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு ஆள் என் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம். சட்டையைப் பார்த்துத்தான் யாரென்று தெரிந்தது.

நேரே பாஸிடம் போனார். "எம் பொண்ணு எழுதுனதெல்லாம் நெசமா?"

"ஒக்காருங்கண்ணே. மொதல்ல காதப் பாப்போம்."

சோதனை அறைக் கதவில் சின்னக் கண்ணாடி. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினார். தூக்கினார். பிறகு கை முழங்காலிலேயே கிடந்தது. சத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெஷினை மாட்டியதும் முகம் சுளித்தார். "ஏர்கோன் இப்டியா கத்தும்?"

"பழகணும் ப்பா."

"அதான் எழுதியிருக்கியே." கண்ணாடியில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வெளிய தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"தெரியட்டும் லா."

17 நவம்பர், திங்கள்
நாள் முழுக்க வேலை ஓடவில்லை. ஒரே பில்லை மறுபடி மறுபடி அடித்தேன்.

அப்பா வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. சூப்பர்வைசர் காலை முழுக்கப் பக்கத்திலேயே நின்றாராம். போகும்போது, "நாளைக்கும் வந்துருங்கண்ணே" என்றாராம்.

அம்மா: "அப்ப வேல இருக்கா?" தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"கத்தாதடி, கேக்குது."

அதற்கப்புறம் ஒன்று நடந்ததாம். ஒரு பையன் காரை நிறுத்தி, கார்டைத் தேடிக்கொண்டே முணுமுணுத்தானாம்: "இந்தச் செவிட்டுக் கெழவன் இன்னும் இங்கதான் இருக்கானா?"

அப்பா ஜன்னலில் குனிந்து, "இருக்கேன் தம்பி. ஒங்க சாவி கீழ விழுந்துச்சு பாருங்க, சத்தம் கேட்டுச்சு" என்றாராம்.

அந்தப் பையன் முகம் போன போக்கை நடித்துக் காட்டினார். இன்னொரு தடவையும் காட்டினார். அம்மா திரும்பவும் செய்யச் சொல்கிறாள், இங்கே வரை கேட்கிறது. போகிறேன்.