மழையிலும் பறக்கிறான்

நேற்று தருமபுரி தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரி இருமல் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தாள். அந்தக் காட்டமான புதினா வாசனை மூக்கில் ஏறியதும் திரையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். நீ இல்லை. நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இருந்தாலும் கழுத்து திரும்புகிறது, என்ன செய்ய.

உனக்குப் பிடித்த அந்தப் பறக்கும் வீரனின் படம்தான். இரண்டாம் பாகம் இல்லை. முதல் படத்துக்கும் முன்னால், அவன் சின்ன வயசுக்காரனாக இருந்தபோது நடந்த கதை. சண்டையெல்லாம் நன்றாக இருக்கிறது. அண்ணனாக வருகிறவன் முதல் படத்தைவிட நன்றாக நடித்திருக்கிறான். ஆனால் இடைவேளைக்கு முன்னால் கொட்டுகிற மழையில் நம் ஆள் ஜம்மென்று பறக்கிறான். எனக்கு அங்கேயே படத்தின் மேலிருந்த பிடிப்பு விட்டுப்போயிற்று. உடம்பு நனைந்தால் பலமெல்லாம் போய்விடும் என்பதுதானே முதல் படமே? அண்ணனை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்போது நனைந்தபடி கரையில் நின்று கதறினானே, அது எதற்கு? மழையில் பறக்கத் தெரிந்தவன் அன்றைக்கு மட்டும் ஏன் பறக்கவில்லை?

இப்படிக் கேட்பது எனக்குத் தொழில். ஓசூர் கார்மெண்ட்ஸில் நீ தையல், நான் செக்கிங். பிசிறோ, தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

முதல் படத்தை நீ பார்க்கவேயில்லை என்பது நம் கம்பெனி பஸ்ஸில் எவருக்கும் தெரியாது. பார்த்தவள் நான். மதியச் சாப்பாட்டில் புளிசாதத்தைப் பிசைந்தபடி உனக்குக் கதை சொன்னேன். மறுநாள் காலை மாரண்டஹள்ளியில் ஏறி, டிரைவர் அண்ணனுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்று, மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு நீ ஆரம்பித்தாய். ராயக்கோட்டை வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டு ராஜம்மா அக்கா இறங்கும்போது உன் முகத்தை வழித்து நெட்டி முறித்தார். படத்துக்கு டிக்கெட் எடுத்தவள் நான், திருஷ்டி உனக்கு. வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. செத்தவள் மேல் பொறாமைப்படலாமா என்று யாராவது கேட்டால், படலாம் என்றுதான் சொல்வேன்.

அன்று நானும் சும்மா இருக்கவில்லை. அவன் ஆற்றுக்குள்ளிருந்து நேராக எழும்பிப் பறந்த காட்சியைச் சொல்லி, அது மட்டும் எப்படி என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். நீ கோபப்படவில்லை. "தப்புப் பாக்கறதுக்குக் கம்பெனியில சம்பளம் தர்றாங்க. பஸ்ஸுலயும் எதுக்குடி பாக்கற?" என்றாய். பஸ்ஸே சிரித்தது. பிறகு அது ஆறில்லை, வெந்நீர் ஊற்று, சூடு அவனுக்கு ஒத்துக்கொள்ளும் என்று ஒரு காரணம் வைத்து ஓட்டையைத் தைத்துவிட்டாய்.

காய்ச்சல் என்று படுத்தாய், எழவில்லை. நீ நின்ற இடத்தில் இன்னும் யாரும் நிற்பதில்லை. கூட்டமான நாளிலும் தள்ளித்தான் நிற்கிறார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும் என்றுதான் நேற்று தருமபுரிக்கே போனேன்.

இன்று காலை அங்கே போய் நின்றேன். நன்றாகத்தான் சொன்னேன், ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னேன். மழைக் காட்சி வந்ததும், இது படம் எடுத்தவர்கள் செய்த தப்பு என்று சொல்லி நிறுத்தினேன். ஆளாளுக்கு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி போனை எடுத்தாள். ராஜம்மா அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அவ இருந்திருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பா புள்ள?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுரோட்டில் இறங்கிவிடலாம் போலிருந்தது. உன்னை ஒரு தடவையாவது தோற்கடிக்க வேண்டும் என்கிற வீம்பில் வாய் தானாகத் திறந்தது.

"நனைஞ்சா பலம் போயிடும்னு அந்த வயசுல அவனுக்கு யாரும் சொல்லலைங்கக்கா. தெரியாததால பறந்தான். அப்புறம் யாரோ சொன்னாங்க, நம்பிட்டான். அண்ணன் வெள்ளத்துல போனப்ப அவன மழை புடிச்சு நிறுத்தல. அந்தச் சொல்லுதான் நிறுத்துச்சு."

ஜன்னல் பக்கம் போன தலைகள் என் பக்கம் திரும்பின. டிரைவர் அண்ணன்கூடக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். போன் வைத்திருந்தவள் அதை மடியில் கவிழ்த்தாள். நான் யோசித்தது, நான் சொன்னது. முழுக்க முழுக்க என் சரக்கு. இறங்கும்போது ராஜம்மா அக்கா என் முகத்தை வழித்து நெட்டி முறித்தார். "அவளே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றார்.

பார்த்தாயா? அதையும் நீயே எடுத்துக்கொண்டாய்.

இடைவேளை வரைதான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியிலும் எனக்குத் தெரிந்து நாலைந்து தப்பு இருக்கிறது. காலைக்குள் எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். சாயங்காலம் மாரண்டஹள்ளியில் இறங்கியதும் உன் இருமல் மிட்டாயில் ஒரு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். உன் நினைவாக ஒன்றுமில்லை. தொண்டை கட்டக்கூடாதே என்றுதான்.