மேடையேறிய துடைப்பம்

மார்ச் 6, வியாழன்

தவக்காலத்தின் இரண்டாம் நாள். அமைதியாக இருக்க நினைத்தேன், மாடி விடவில்லை. பாடி ஆடும் குழு ஒன்றின் ஐந்து பெண்கள், பத்துக் கால்கள், எல்லாம் என் கூடத்துக்கு நேர் மேலே. துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினேன். அடங்கினார்கள். காப்பி ஆறுவதற்குள் மறுபடி ஆரம்பம்.

மாலையில் அவர்களுடைய மேலாளர் கூ, வழக்கம்போல ஸ்ட்ராபெரிப் பெட்டியோடு வந்து குனிந்து நின்றார். மே மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிடச் சொன்னேன்.

"மே வரைக்கும் நாங்க இருப்போமான்னே தெரியலம்மா. இப்ப வரப்போற பாட்டும் படுத்துடுச்சுன்னா மிந்துலேன்னு ஒரு குழுவே இருக்காது. அஞ்சு பேரையும் அவங்கவங்க ஊருக்கு அனுப்பிடுவேன்னு எங்க தலைவர் சொல்லிட்டார்."

மூன்று வருடத்தில் நான்கு பாட்டு வெளியிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றின் காலடிச் சத்தம் மட்டும். பாவம்தான். அதற்கு நான் என்ன செய்ய?

மார்ச் 9, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும்போது வாசலில் அந்த ஐவரில் கடைக்குட்டி, பியோல். ஈரத் தலை. "வணக்கம் பாட்டி!" என்றாள். நான் யாருக்கும் பாட்டி இல்லை. வீட்டுக்காரம்மா என்று கூப்பிடு, தலையை உலர்த்து என்றேன்.

மார்ச் 27, வியாழன்

மருந்துக் கடையில் வரிசையில் நிற்கிறேன். வானொலியில் ஏதோ பாட்டு. நடுவில் இசை சட்டென்று நின்று, தட்... தட்தட். மறுபடி தட்... தட்தட். கடைக்காரப் பெண் விரலால் மேசையில் சேர்ந்து தட்டுகிறாள். அது என் தட்டு! பள்ளியில் வகுப்பை அடக்க சிஸ்டர் பெனடிக்டா பியானோ மூடியில் தட்டுவாரே, அதே தட்டு. அன்றிலிருந்து எனக்கும் அதுதான் கைவாகு.

யார் பாட்டு என்று கேட்டேன். "மிந்துலேங்க. இப்ப எங்க திரும்பினாலும் இதுதான்."

நேரே மாடியேறினேன். அவர்கள் குடிவந்த பிறகு நான் ஏறுவது இதுதான் முதல் தடவை. ஐவரும் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மூத்தவள் டோ-யொன்தான் பேசினாள்.

"மெட்டு போடுறவர் இங்க வந்து போன்ல பதிவு பண்ணிட்டிருந்தாருங்க. நீங்க தட்டினது அதுல விழுந்துடுச்சு. நாங்க எடுத்துடச் சொன்னோம். அவர்தான், இதைவிட நல்ல தாளம் எனக்கு வராதுன்னு..."

"கேட்க வேண்டாமா?"

"பயந்துட்டோங்க."

பியோல் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஆனா நீங்க ஒரு தடவைகூடத் தாளம் தப்பலைங்க. எங்கள்லயே ரெண்டு பேர் தப்புறாங்க." பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளினாள்.

சிரிப்பு வந்தது. படியிறங்கும்வரை அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

மோனிகா போன் செய்தாள். அறுபது வருடப் பள்ளித் தோழி, அதே அளவு போட்டிக்காரி.

"என்னடி லூசியா, உன் துடைப்பம் டிவிக்குப் போகுதாமே?"

டிவி பாட்டுப் போட்டியில் முதலிடம் வந்தால் இன்னது செய்வோம் என்று இந்தக் குழுக்கள் ரசிகர்களிடம் வாக்குக் கொடுப்பது வழக்கமாம். வேறேதோ குழு பூனை வேஷம் போடுவதாகச் சொன்னதாம். இவர்கள் வீட்டுக்காரம்மாவின் துடைப்பத்தோடு மேடையேறுவார்களாம். என் துடைப்பம்! என்னைக் கேட்காமல்! நான் என்ன கோமாளியா?

என் கணவர் உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அதனால்தான் இன்னும் கோபம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டு நாளாக மாடியில் சத்தமே இல்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்களோ என்று ஒரு கணம்... இல்லை. படியில் கூவைப் பார்த்துக் கேட்டேன். எனக்குத் தொந்தரவு வேண்டாமென்று தடித்த காலுறை போட்டுக்கொண்டு ஆடுகிறார்களாம்.

வெள்ளிக்கிழமை டிவி நிகழ்ச்சியில் முதலிடத்துக்குப் போட்டியிடுவது இரண்டே பாட்டுகள். எதிரே பெரிய நிறுவனத்தின் பெரிய குழு. நேரலை ஓடும்போது போனில் குறுஞ்செய்தி அனுப்பி ஓட்டுப் போட வேண்டும்.

"ரெண்டாவது வந்தா?"

"தலைவர் மனசு மாறாதும்மா. மேல போட அவர்கிட்ட பணம் எதுவும் இல்லை."

காலுறை போட்டு ஆடினால் வழுக்காதோ?

ஏப்ரல் 10, வியாழன்

கோவிலில் மரியாயின் சேனைப் பெண்கள் கூட்டம். ஜெபமாலை முடிந்ததும் எழுந்து நின்றேன். யாரிடமும் எதுவும் கேட்காதே என்றுதான் பள்ளி சிஸ்டர்கள் என்னை வளர்த்தார்கள். கேட்டேன். நாளை மாலை, என் மாடியில் இருக்கும் பெண்களுக்கு, ஆளுக்கொரு ஓட்டு.

மோனிகா காதில் கை வைத்தாள். "என்னது? கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."

அவள் காது என் காதைவிடத் தெளிவு. இன்னொரு தடவை சொன்னேன்.

"லூசியாவே வாய் திறந்து கேட்டுட்டா! எல்லாரும் போனை எடுங்கடி, எப்படி அனுப்பறதுன்னு இப்பவே பழகிக்கலாம்." பிறகு ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சரிபார்த்தவளும் அவள்தான். நன்றி சொல்லவில்லை. நாளை சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலையில் துடைப்பத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். நாடு முழுக்கப் பார்க்கப்போகிறது என்றால் சுத்தமாகவாவது இருக்கட்டும். கூ வாங்கிக்கொண்டபோது வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜெயித்துவிட்டார்கள்!

ஜெயித்தவர்கள் வழக்கப்படி, பதிவுக் குரல் இல்லாமல், வெறும் ஒலிவாங்கியோடு இன்னொரு முறை பாட வேண்டும். டோ-யொன் அழுதுகொண்டே துடைப்பத்தைத் திருவிழா மெழுகுவர்த்திபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இசை நின்ற இடத்தில் கட்டையால் மேடையைத் தட்டினாள். தட்... தட்தட். சரியாகத் தட்டினாள். பியோல் ஒரு இடத்தில் சுருதி இறங்கினாள். அழுகிற பெண் என்பதால் அதை மன்னிக்கலாம்.

மோனிகாவுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன். "கேக்கல, இன்னொரு தடவை" என்றாள்.

ஏப்ரல் 12, சனி

மே மாத விஷயத்தை மறந்துவிடுங்கள் என்று கூவிடம் சொன்னேன். காலுறையையும் கழற்றச் சொல்லுங்கள் என்றேன்.

ஜூலை 19, சனி

ஜகார்த்தாவில் அரங்கம் நிறைந்ததாம். லிமாவில் பெண்பிள்ளைகள் துடைப்பத்தோடு வரிசையில் நிற்கும் படத்தை பியோல் காட்டினாள். என் வாசலிலும் படமெடுக்க வருகிறார்கள். செடியை மிதிக்காமல் வரிசையாக நில்லுங்கள் என்றேன், நின்றார்கள்.

இன்று கூ வந்தார். ஸ்ட்ராபெரிக்கு இது காலமில்லை, முலாம்பழம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், காவலாளி இருக்கும் அடுக்ககத்தில் வீடு பார்த்துவிட்டார்களாம். மாத முடிவில் போகிறார்கள்.

நல்லது. நல்லதுதானே? காலி செய்யச் சொன்னவளே நான்தானே.

துடைப்பத்தை நிறுவனமே வைத்துக்கொள்ளட்டுமா, புதிதாக ஒன்று வாங்கித் தருகிறோம் என்றார். முடியாது, அது என்னுடையது என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து மோனிகாவும் நானும் மெக்சிகோ நிகழ்ச்சியைப் பார்த்தோம். இங்கே காலை பதினொன்று, அங்கே இரவு. கடல்போல் கூட்டம். அவர்களுக்கு நம் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் இசை நின்றதும் அத்தனை பேரும் காலால் தட்டினார்கள். பியோல் இம்முறை சுருதி இறங்கவில்லை.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. துடைப்பம் கையில் இருந்தது. கூரையில் பழைய பள்ளத்திலேயே, தட்... தட்தட். மோனிகா கைதட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி. மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் நூலகர் தம்பதி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து நின்றார்கள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. நாங்க படிச்சிட்டுதான் இருந்தோம். சத்தமே போடலையே..."

"தெரியும்" என்றேன். "உள்ளே வாங்க. பாட்டு இன்னும் முடியல."